‘ஆன்டிவைரஸை அணைத்துவிடு’ என்று யாராவது சொன்னால்...

என் சித்திக்கு எழுதப் பிடிக்காது. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, குரல் பதிவுதான் அனுப்புவார். “அம்மாடி, சாப்பிட்டியா?” என்று தொடங்கி, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது வரைக்கும் மூன்று நிமிடம் ஓடும். வானொலியில் நாள் முழுக்கக் குரல்களோடு வேலை செய்கிற எனக்கே சித்தியின் குரல் பதிவைக் கேட்க மூச்சு வாங்கும்.

அப்படிப்பட்ட சித்தியிடமிருந்து தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை மாலை சமூக ஊடகத்தில் ஒரு செய்தி வந்தது. சுத்தமான ஆங்கிலம். அவசரமாம், 500 ரிங்கிட் வேண்டுமாம், திங்கட்கிழமை திருப்பித் தந்துவிடுவாராம். கீழே நான் கேள்விப்படாத ஒரு பெயரில் வங்கிக் கணக்கு எண்.

உடனே போன் செய்தேன். பின்னால் எண்ணெய்ச் சட்டி சத்தம் கேட்டது. சித்தி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். “நானா? உன்கிட்டயா? நான் ஏம்மா காசு கேக்கப் போறேன்?” என்றார்.

அடுத்த அரை மணி நேரத்தில் விஷயம் புரிந்தது. செந்தூலில் அந்த அடுக்குமாடி வீட்டின் சமையலறையிலிருந்து ஆறு ஆண்டுகளாகச் சித்தி பலகாரம் செய்து விற்கிறார். முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை எல்லாவற்றுக்கும் ஆர்டர் வருவது அவருடைய சமூக ஊடகப் பக்கம் வழியாகத்தான். அந்தப் பக்கம் இப்போது அவர் கையில் இல்லை. கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது. மின்னஞ்சலும் போயிருந்தது. அவருடைய பெயரில் யாரோ உட்கார்ந்துகொண்டு, “தீபாவளி ஆர்டருக்கு முன்பணம் கட்டுங்கள்” என்று வாடிக்கையாளர்களுக்கு வரிசையாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நீண்ட நாள் வாடிக்கையாளர் ஒருவர், வயதான அம்மா, 300 ரிங்கிட் கட்டியே விட்டார்.

சனிக்கிழமை காலையில் செந்தூலுக்குப் போனேன். வீட்டில் எல்லாரும் எனக்குக் காப்பி கொடுத்துக் கதை சொன்னார்கள். படிவம் ஒன்றில் படிக்கும் தம்பி மட்டும் அறையை விட்டு வெளியே வரவில்லை.

புதன்கிழமை இரவு நடந்தது

எனக்குத் தொழில் பேச்சுதான் என்றாலும், பேச்சைவிட மௌனத்தைக் கவனிக்கத்தான் அது அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது. நேரலையில் ஒருவர் பதில் சொல்லத் தயங்கினால் அங்கேதான் விஷயம் இருக்கும். தம்பியின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். “நான் திட்ட வரலை. மடிக்கணினியில என்ன போட்டேன்னு மட்டும் சொல்லு” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தது பதில். “ஹேக் ஒண்ணு போட்டேன்க்கா.”

அவன் ஆடும் துப்பாக்கிச் சூட்டு விளையாட்டில் பள்ளி நண்பர்களிடம் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறான். சுவருக்குப் பின்னால் நிற்பவனைக் காட்டும், தானாகக் குறிபார்த்துச் சுடும் என்று யூடியூப்பில் ஒரு காணொலி. கீழே “வேலை செய்கிறது, நன்றி” என்று ஏகப்பட்ட பேர் எழுதியிருந்தார்கள். இணைப்பைத் தட்டினால் ஒரு ஜிப் கோப்பு. திறக்கக் கடவுச்சொல், அதுவும் காணொலியின் கீழேயே இருந்தது. கூடவே ஒரு குறிப்பு: “ஆன்டிவைரஸ் இதை வைரஸ் என்று தவறாகச் சொல்லும். அதனால் முதலில் அதை அணைத்துவிடவும்.” தம்பி அணைத்தான்.

கோப்பைத் தட்டியதும் கறுப்புச் சன்னல் ஒன்று கண் சிமிட்டும் நேரம் வந்து மறைந்தது. விளையாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. ‘வேலை செய்யலை போல’ என்று நினைத்துத் தூங்கிவிட்டான். வியாழக்கிழமை காலையில் அவனுடைய விளையாட்டுக் கணக்கு போயிருந்தது. அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“ஏன்டா அம்மாகிட்ட சொல்லலை?”

“ஹேக் போட்டதே தப்பு. அதுல வைரஸ் வந்தது இன்னொரு தப்பு. ரெண்டுக்கும் சேர்த்துத் திட்டு விழும்ல?”

அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. குறுக்குவழி தேடுகிறவர்களைத் திருடர்கள் குறிவைப்பதற்கு முக்கியமான காரணமே அதுதான். ஏமாந்தவர் வெட்கப்படுவார், புகார் செய்ய மாட்டார். அவர் வாயைத் திறக்காத ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குக் கிடைக்கும் அவகாசம். சித்தியின் பக்கத்தில் மோசடிச் செய்திகள் போகத் தொடங்கியது வெள்ளிக்கிழமை மாலைதான். புதன் இரவே அவன் சொல்லியிருந்தால், இன்னொரு கைப்பேசியிலிருந்து பத்து நிமிடத்தில் அந்தப் பக்கத்தைக் காப்பாற்றியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

கறுப்புச் சன்னலுக்குள் என்ன நடந்தது?

இந்த வகை நச்சுநிரலுக்குத் தகவல் திருடி என்று பெயர் வைக்கலாம். கணினியைக் கெடுப்பது இதன் நோக்கம் இல்லை. உள்ளே வரும், அள்ளும், அனுப்பும். பல நேரங்களில் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். சிலவகை, வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும். மறுநாள் ஸ்கேன் செய்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால், ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. திருடன் போய்விட்டான் என்றும் இருக்கலாம்.

அது எதை அள்ளுகிறது? உலாவியில் நாம் ‘சேமித்து வை’ என்று சொன்ன எல்லாக் கடவுச்சொற்களையும். தானாக நிரம்புவதற்காகச் சேமித்த பெயர், முகவரி, அட்டை விவரங்களையும். விளையாட்டுக் கணக்குகளையும் டிஸ்கார்ட் கணக்கையும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது ‘குக்கி’ எனப்படும் சின்னக் கோப்புகள். நீங்கள் மின்னஞ்சலில் ஒருமுறை நுழைந்தால் அடுத்த நாள் மறுபடி கடவுச்சொல் கேட்பதில்லை அல்லவா? ‘இவர் ஏற்கனவே நுழைந்தவர்தான்’ என்று சொல்லும் அனுமதிச் சீட்டு அந்தக் கோப்பில் இருக்கிறது. அந்தச் சீட்டைத் திருடியவனுக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், பல நேரங்களில் கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணும் வேண்டாம். நேரே உள்ளே போவான். “நான் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தேனே, எப்படிப் போனது?” என்று பலர் கேட்பதற்கு விடை இதுதான்.

சித்தியின் பக்கமும் மின்னஞ்சலும் அந்த மடிக்கணினியில் எப்போதும் திறந்தே இருக்கும். தம்பி வீட்டுப்பாடம் செய்வதும் விளையாடுவதும் அதே கணினியில், அதே பயனர் கணக்கில். நல்ல வேளையாக வங்கிச் சேவையைச் சித்தி கைப்பேசியில் மட்டும்தான் பயன்படுத்துவார்.

ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வது ஏன் இவ்வளவு எளிதாக எடுபடுகிறது? விளையாட்டு ஹேக் என்பது இன்னொரு மென்பொருளின் நினைவகத்துக்குள் புகுந்து அங்குள்ள எண்களைப் படித்து மாற்றும் வேலை. நச்சுநிரல்கள் செய்வதும் ஏறக்குறைய அதே வேலை. எனவே ‘உண்மையான’ ஹேக்கைப் பார்த்தாலும் ஆன்டிவைரஸ் கத்தும், நச்சுநிரலைப் பார்த்தாலும் கத்தும். இரண்டுக்கும் வித்தியாசம் பையனுக்குத் தெரியாது. திருடர்களுக்கு இதைவிட வசதியான மறைவிடம் வேறு கிடைக்குமா? ஜிப் கோப்புக்குக் கடவுச்சொல் போடுவதும் இதற்காகத்தான். பூட்டிய பெட்டிக்குள் இருப்பதைப் பதிவிறக்கும் நேரத்தில் பாதுகாப்பு மென்பொருளால் பெரும்பாலும் எட்டிப் பார்க்க முடியாது.

உலகம் முழுக்க இதே கதை

‘கால் ஆஃப் டியூட்டி’ விளையாட்டை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனம் 2021 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த விளையாட்டுக்கான ஹேக் என்ற வேடத்தில் நச்சுநிரலைப் பரப்பும் முறையை அது விவரித்தது. உயர்ந்த அனுமதியோடு இயக்கு, ஆன்டிவைரஸை அணை என்று கேட்பது ஹேக் உலகில் வழக்கம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை என்பதுதான் அதன் சாரம்.

2022 செப்டம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் இன்னும் தந்திரமான ஒன்றைக் கண்டது. ‘ரெட்லைன்’ என்ற தகவல் திருடியைச் சுமந்து வந்த ஒரு தொகுப்பு, பாதிக்கப்பட்டவரின் யூடியூப் கணக்கைப் பயன்படுத்தி, அதே ஹேக்கை விளம்பரம் செய்யும் காணொலியை அவர் பெயரிலேயே பதிவேற்றியது. ஏமாந்த பையனே அடுத்த பையனுக்கு வலை விரிக்கிறான், அவனுக்கே தெரியாமல்.

2024 ஏப்ரலில் மெக்கஃபி கண்டறிந்த ரெட்லைனின் இன்னொரு வடிவமும் விளையாட்டு ஹேக் வேடத்தில் வந்தது. கோப்பின் முகவரியைப் பார்த்தால் கிட்ஹப் தளத்தில் மைக்ரோசாஃப்டின் பெயர் தெரியும். முகவரியைப் பார்த்து நம்பு என்று நாம் சொல்லிக்கொடுத்த பாடமே அங்கே உதவாது. கூடவே, நண்பர்களையும் இதை நிறுவ வைத்தால் முழுப் பதிப்பும் இலவசம் என்று அது ஆசை காட்டியது.

செக் பாயின்ட் நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வில், நச்சுநிரலைப் பரப்பிய 3,000-க்கும் மேற்பட்ட யூடியூப் காணொலிகளைக் கண்டதாகச் சொன்னது. பெரும்பாலானவை நீக்கப்பட்டுவிட்டன. அவற்றில் விளையாட்டு ஹேக்குகள் முக்கியமான தூண்டில். ஒரு கணக்கு காணொலி போடும், இன்னொன்று இணைப்பைப் பகிரும், மற்றவை விருப்பக்குறி போட்டு ‘நன்றி, வேலை செய்கிறது’ என்று கருத்து எழுதும். தம்பி பார்த்த ‘நன்றி’களும் இப்படி வந்தவையாக இருக்கலாம்.

காவல் துறைகள் சும்மா இருக்கவில்லை. 2024 அக்டோபர் 28-ஆம் தேதி நெதர்லாந்து காவல் துறையும் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் பிற நாடுகளோடு சேர்ந்து ‘ஆபரேஷன் மேக்னஸ்’ என்ற நடவடிக்கையில் ரெட்லைனின் சர்வர்களை முடக்கின. 2025 மே மாதம் ‘லும்மா’ என்ற மற்றொரு தகவல் திருடியின் சுமார் 2,300 இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. அதற்கு முந்தைய இரண்டே மாதங்களில் உலகம் முழுக்க 394,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகள் அதனால் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இந்த நிரல்களை எழுதுகிறவர்கள் வேறு, பயன்படுத்துகிறவர்கள் வேறு. மாதச் சந்தா கட்டி யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். அதனால்தான் ஒன்று போனால் இன்னொன்று வருகிறது.

கைப்பேசியில் ஆடுகிறவர்களுக்கு

“எங்க பிள்ளை போன்லதான் ஆடுறான், கணினியே இல்லை” என்று நிம்மதி அடைய வேண்டாம். வைரத்தை அள்ளித் தரும், எல்லா உடைகளையும் திறந்துவிடும் என்று சொல்லி வரும் ‘மோட்’ விளையாட்டுகள் ஏபிகே கோப்புகளாகத்தான் வருகின்றன. ஏபிகே எவ்வளவு ஆபத்து என்பதை நம் நாட்டைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு.

2022 ஏப்ரலில் ஈசெட் நிறுவனம் மலேசியர்களைக் குறிவைத்த ஒரு மோசடியை அம்பலப்படுத்தியது. வீடு சுத்தம் செய்யும் சேவைகளின் பெயரில் போலி இணையத்தளங்கள், ஃபேஸ்புக்கில் விளம்பரம். முன்பதிவு செய்ய வேண்டுமானால் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வார்கள். பணம் கட்டும் கட்டத்தில் மலேசியாவின் எட்டு வங்கிகளின் பட்டியல் வரும். உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்துப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டால் ‘பிழை’ என்று காட்டும். அதற்குள் விவரம் போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் கைப்பேசிக்கு வரும் எஸ்எம்எஸ்களையும் அதே செயலி திருடர்களுக்கு அனுப்பிவிடும். ஒருமுறை எண் நமக்கு வந்து சேரும்போது அவர்களுக்கும் போய்ச் சேரும்.

இப்படிப்பட்ட மோசடிகள் பெருகியதால்தான் 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் ஒருமுறை எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. இன்று உங்கள் வங்கிச் செயலிக்குள்ளேயே ஒப்புதல் கேட்பதும், புதிய கைப்பேசியில் பதிவு செய்தால் காத்திருக்கச் சொல்வதும் அதன் தொடர்ச்சிதான். வீட்டுச் சேவைச் செயலியில் நடந்தது விளையாட்டு மோடிலும் நடக்கலாம். எஸ்எம்எஸ் படிக்கவும், திரையைக் கட்டுப்படுத்தும் ‘அணுகல்தன்மை’ அனுமதியும் ஒரு விளையாட்டு ஏன் கேட்க வேண்டும்? கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* ஆன்டிவைரஸ் அணைந்து கிடக்கிறது, மறுபடி இயக்க முடியவில்லை. அல்லது அதன் விலக்குப் பட்டியலில் நீங்கள் சேர்க்காத கோப்புறை இருக்கிறது, சில நேரம் முழு சி டிரைவே இருக்கிறது.
* ஒரு கோப்பைத் தட்டியதும் கறுப்புச் சன்னல் வந்து மறைந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை.
* உலாவியில் நீங்கள் போடாத நீட்சி ஒன்று உட்கார்ந்திருக்கிறது.
* புதிய இடத்திலிருந்து யாரோ நுழைந்ததாக மின்னஞ்சல் வருகிறது. கேட்காமலே சரிபார்ப்பு எண் வருகிறது.
* உங்கள் பெயரில் நண்பர்களுக்குச் செய்தி போகிறது. உங்கள் யூடியூப் கணக்கில் நீங்கள் போடாத காணொலி இருக்கிறது.
* ஒன்றும் திறக்காதபோதும் மடிக்கணினி சூடாகி, காற்றாடி இரைந்துகொண்டே இருக்கிறது. தகவல் திருடியோடு சேர்ந்து மின்காசு தோண்டும் நிரலும் வந்திருக்கலாம்.

இவை எதுவும் இல்லாமலும் திருட்டு நடக்கலாம். எனவே முக்கியமான அறிகுறி ஒன்றுதான்: பிள்ளை ஹேக் கோப்பை இயக்கியது உறுதி என்றால், திருட்டு நடந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

என்ன செய்ய வேண்டும்? வரிசை முக்கியம்

அன்று சித்தி வீட்டில் நான் வந்து சேரும் முன்பே, அதே மடிக்கணினியில் மறுபடி மறுபடி கடவுச்சொல்லை மாற்றப் பார்த்திருக்கிறார்கள். திருடன் உள்ளே இருக்கும்போது பூட்டை மாற்றி, புதிய சாவியை மேசைமேல் வைப்பது போன்றது அது.

1. முதலில் அந்தக் கணினியின் வைஃபையைத் துண்டியுங்கள். கம்பி இருந்தால் பிடுங்குங்கள்.

2. நச்சு ஏறாத வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் சாவி மின்னஞ்சல்தான். மாற்றியதும் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதைக் கட்டாயம் தட்டுங்கள். திருடிய அனுமதிச் சீட்டைச் செல்லாததாக்குவது அதுதான். மீட்புக்கான கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா, கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

3. அடுத்து வங்கி, பிறகு சமூக ஊடகம், வாட்ஸ்அப், விளையாட்டு, கடைசியில் மற்றவை. வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட கருவிகள்’ பட்டியலில் தெரியாதது இருந்தால் நீக்குங்கள். எல்லாவற்றிலும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

4. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கியின் மோசடித் தொலைபேசிக்கோ, 997 என்ற எண்ணுக்கோ அழையுங்கள். அது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையம். காவல் துறை, பேங்க் நெகாரா உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து நடத்துவது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன்பு தடுக்கத்தான் அந்த எண். பல வங்கிச் செயலிகளில் கணக்கை நீங்களே உடனே முடக்கும் பொத்தானும் இருக்கிறது. அது எங்கே என்று இன்றே பார்த்து வையுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

5. இப்போதுதான் கணினிக்கு வருகிறோம். விண்டோஸ் பாதுகாப்பு அமைப்பில் விலக்குப் பட்டியலைக் காலி செய்யுங்கள். ஸ்கேன் வகைகளில் ‘டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று இருக்கும். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே தேடும் என்பதால் ஒளிந்திருப்பவை அகப்பட அதிக வாய்ப்பு. கால் மணி நேரம் போல ஆகும். உலாவி நீட்சிகள், கணினி தொடங்கும்போது தானாக இயங்கும் செயலிகள் ஆகியவற்றையும் பார்த்துத் தெரியாததை நீக்குங்கள்.

6. மனத்துக்கு நிம்மதி வேண்டுமென்றால் ஸ்கேனோடு நிற்க வேண்டாம். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளியே எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அதற்கான யுஎஸ்பியை வேறு கணினியில் தயாரிக்க வேண்டும். பழைய நிறுவல் கோப்புகளையும் ஹேக்குகளையும் ‘பாதுகாப்பாக’ எடுத்து வைக்க வேண்டாம். முடியாதவர்கள் நம்பிக்கையான கடையில் கொடுக்கலாம். ‘முழுக்க அழித்துப் போடுங்கள்’ என்று சொல்லிக் கொடுங்கள்.

7. கணினி சுத்தமாகும் வரை புதிய கடவுச்சொல் எதையும் அதில் தட்டாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்குப் புகார் செய்யலாம். எண் 1-300-88-2999.

இனி வராமல் இருக்க, வீட்டுக் கணினியில் பிள்ளைக்குத் தனிப் பயனர் கணக்கு கொடுங்கள். நிர்வாகி உரிமையும் அதன் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கட்டும். வங்கி, வியாபாரம் தொடர்பான கடவுச்சொற்களை உலாவியில் சேமிக்காதீர்கள். ஒரு கோப்பில் சந்தேகம் இருந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். பல ஆன்டிவைரஸ்கள் அதை ஒரே நேரத்தில் சோதிக்கும். ஆனால் அது ‘சுத்தம்’ என்றாலும் முழுக்க நம்பக்கூடாது, நேற்றுப் பிறந்த நச்சுநிரல் இன்று பட்டியலில் இருக்காது.

சித்தி வீட்டில் முடிந்த கதை

மின்னஞ்சல் அன்று மாலையே திரும்பியது. வியாபாரப் பக்கத்தைத் திரும்பப் பெற இரண்டு வாரம் ஆனது. அதற்குள் தீபாவளி ஆர்டரில் பாதி போய்விட்டது.

300 ரிங்கிட் கட்டிய அந்த அம்மாவின் வீட்டுக்குச் சித்தி தம்பியையும் அழைத்துக்கொண்டு போனார். அவர் கேட்ட பலகாரம் அத்தனையும் டின்களில் இருந்தன. “உங்க காசு என் பேர்லதான போச்சு. நான்தான் ஈடு செய்யணும்” என்றார். அந்த அம்மா வாங்க மறுத்தார், சித்தி விடவில்லை. கடைசியில் அந்த அம்மா பாதிப் பலகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, “இதை என் பேரன்கிட்டயும் சொல்லுடா தம்பி. அவனும் ராத்திரி பூரா கேம்தான்” என்றார். தம்பி அவர்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, தன்னைவிட இரண்டு வயது சிறிய பையனிடம் நடந்ததை முதலிலிருந்து சொன்னான். கறுப்புச் சன்னல் வரை வந்ததும் அந்தப் பையன் மெல்லக் கேட்டானாம்: “அது வந்து மறைஞ்சா வைரஸாண்ணே?”

அன்றிரவு அந்த வீட்டுக் கணினியையும் பார்க்க வேண்டியதாயிற்று. நல்ல வேளை, அந்தப் பையன் கோப்பை இயக்கி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. மின்னஞ்சலும் மற்றக் கணக்குகளும் பிழைத்துக்கொண்டன.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் பிள்ளையிடம் போய், “ஹேக் ஏதாவது போட்டிருக்கியா?” என்று விசாரிக்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும். “எப்பவாவது தெரியாம ஏதாவது போட்டுட்டா, எந்த நேரமா இருந்தாலும் என்னை எழுப்பு. அன்னைக்குத் திட்ட மாட்டேன்” என்று மட்டும் சொல்லிவையுங்கள். அந்த இரவு வந்தால், சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள். திட்ட வேண்டியது இருந்தால், எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றிய பிறகு நிதானமாகத் திட்டிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.